கருப்பனை உட்கார வைத்தவள்

பழவேற்காட்டு ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் நாங்கள். பிடித்ததைப் போடும் பறி என்ற பனையோலைக் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் சேற்றில் விடுவோம். பறிக் கயிற்றை வாயில் கடித்திருக்கிறவளிடம் யாரும் பதில் எதிர்பார்க்க மாட்டார்கள். சாவுச் செய்தி கொண்டுவந்தவன்கூட அவள் கரையேறும்வரை காத்திருப்பான்.

என் சிநேகிதி ராஜாத்தியின் புருஷன் கருப்பனும் இப்படிப் பிழைத்தவன்தான். "எளாவூர் வரிக்கும் போய்ட்டு வந்துர்றேன், சோறாக்கி வை" என்று போனவன், அங்கே ஒருத்தியோடு குடித்தனம் நடத்தினான். பாவி! இவள் சோற்றை மூடி வைத்துவிட்டு வாசலிலேயே கிடந்தாள். அவனும் ஒருநாள் இப்படி உட்கார்ந்து வழி பார்க்க வேண்டும் என்று கறுவிக்கொண்டே இருந்தாள்.

போன வருஷம் மகளிர் குழுவுக்கு, சந்தோஷமாக வாழ்வது எப்படி என்று சொல்லித்தர ஜெஸ்ஸி என்ற பெண் வந்தாள். அவரவர் பலம் என்ன என்று கேட்டாள்.

"எறா கையில தட்டுற வரிக்கும் ஆடாம அசையாம இருப்பேன்" என்றாள் ராஜாத்தி.

"பொறுமைதான்க்கா உங்க பலம். அதைத் தினமும் புதுசா ஒரு விதத்துல பயன்படுத்துங்க. வீட்டுக்காரரையும் மன்னிச்சிடுங்க, மனசு லேசாகும்."

"மொதல்ல சொன்னத செய்றேன். ரெண்டாவது நம்மால ஆவாது."

செய்தாள். நாங்கள் சலித்து எழுந்த இடத்திலேயே பொறுத்திருந்து பறியை நிறைத்தாள். பள்ளிக்கூடம் வேண்டாம் என்று முரண்டு பிடித்த மகள் காவியாவிடம் கத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் தானாகவே புத்தகப் பையைத் தூக்கினாள். ராஜாத்தி முகத்தில் சிரிப்பு திரும்பியது. கோபம் மட்டும் போகவில்லை. போகவும் வேண்டாம் என்றேன் நான்.

இந்தத் தை மாதம் நாங்கள் ஏரியில் இருக்கும்போது கருப்பன் கரையில் வந்து நின்றான். எளாவூர்க்காரி துரத்திவிட்டாளாம்.

"ராஜாத்தி, தப்புதான். இனிமே உன்கூடவே இருக்கேன். இன்னா சொல்ற?"

அவள் வாயில் பறிக் கயிறு. நிமிர்ந்து ஒருமுறை பார்த்தாள். அவனுக்கு வழக்கம் தெரியாதா?

"செரி, நீ புடிச்சிட்டு வா. பேசிக்கலாம்" என்று உட்கார்ந்துவிட்டான்.

அவள் அவசரப்படவில்லை. தடவிக்கொண்டே மணல்திட்டைச் சுற்றி நகர்ந்து, அவன் கண்ணில் படாத பக்கம் கரையேறி வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் கரைக்கு வந்தபோது, "எங்கக்கா அவ?" என்று கேட்டான்.

"பறி ரொம்பலப்பா இன்னும்" என்றேன்.

நான் அவள் வீட்டுக்குப் போனபோது தாயும் மகளும் இறால் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அங்கியேதான் குந்தினுக்கிறானா?"

"ஆமா."

"அந்த ஜெஸ்ஸி பொண்ணு சொன்னது நெசந்தான்க்கா" என்று இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள் ராஜாத்தி. "மனசு லேசாயிடுச்சி."