மூன்றாம் செவ்வாயும் ஒரு வெள்ளைக் கோடும்

ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் உள்ள எங்கள் இன்வர்டூ கிராமத்தில் ஒரு சொற்பொழிவுக்கு நாள் குறிப்பது கல்யாணத்துக்கு நாள் குறிப்பதைவிடக் கஷ்டம். திங்கட்கிழமை பனிக்கட்டியில் கல்லைத் தள்ளி விளையாடும் கர்லிங் ஆட்டம். புதன் பாட்டுப் பயிற்சி. வியாழன் சர்ச் கமிட்டி. அங்கே யாரும் எதையும் முடிவு செய்வதில்லை, ஆனால் போகாவிட்டால் கோபம். வெள்ளி முதல் ஞாயிறு வரை ஒருத்தரும் வரமாட்டார்கள். மிச்சம் இருப்பது செவ்வாய். ஊர் ஹாலின் சாவி இருபத்திரண்டு வருஷமாக என்னிடம் இருப்பதால் இதெல்லாம் எனக்குத்தான் தெரியும். ஆகவே இஷ்பெல் கெடஸ் செப்டம்பரில் என் வீட்டுக்கு வந்து நின்றபோது, செவ்வாய் என்று நானே சொன்னேன்.

"ஆறு செவ்வாய் வேணும், எல்ஸ்பெத்," என்றாள்.

"ஆறா? எதுக்குடி? தேனீ வளர்க்கிறவனே ரெண்டு வாரத்துல முடிச்சுட்டுப் போனான்."

"டார்ட்டன் கட்டத் துணியோட வரலாறு. ரெண்டு வாரத்துல சொல்ற கதையா அது?"

இஷ்பெலுக்கு ஐம்பத்து நான்கு வயது. எங்கள் ஆண்கள் கட்டும் கொசுவப் பாவாடையான கில்ட்டைத் தைப்பவள். இந்த ஊர் ஆண்களில் பாதிப்பேர் இடுப்பில் கட்டியிருப்பது அவள் கைவேலை. புதிதாக ஒருவரைப் பார்த்தால் முகத்தைப் பார்க்க மாட்டாள், இடுப்பைத்தான் பார்ப்பாள். எட்டு கஜம் கம்பளித் துணியைக் கொசுவம் கொசுவமாகக் கையாலேயே தைக்கிறவளுக்கு அந்தத் துணியின் கட்டங்கள் எங்கிருந்து வந்தன என்று ஒரு நாள் சந்தேகம் வந்துவிட்டது. மூன்று வருஷமாக மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு பஸ் ஏறிப் போய்ப் பழைய ஆலைக் கடிதங்களைப் படித்து வந்தாள். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவாள் போல இருந்தது.

ஏற்பாடுகள் ஆரம்பித்தன. 'டார்ட்டன்: உண்மையும் பொய்யும்' என்று அவள் வைத்த தலைப்பை நான் அடித்தேன். பொய் என்று போட்டால் ஒருவனும் வரமாட்டான், வந்தாலும் சண்டைக்குத்தான் வருவான். 'நம் கட்டங்கள் எங்கிருந்து வந்தன?' என்று மாற்றினோம். முதல் வாரம் செடிகொடிச் சாயங்கள். இரண்டாவது வாரம், ராஜாவுக்கு எதிராக மலைநாட்டார் செய்த கலகத்துக்குப் பிறகு அவர்கள் உடைக்கு அரசாங்கம் போட்ட தடை. மூன்றாவது வாரத்தில்தான் சிக்கல்.

மூன்றாவது வாரத்துக்கு அவள் எடுத்து வைத்திருந்தது ஒரு கடிதத்தின் நகல். இருநூறு வருஷத்துக்கு முன், ராஜா எடின்பரோவுக்கு வருகிறார் என்று ஊரெல்லாம் டார்ட்டனுக்கு அலைந்த காலம். ஒரு வியாபாரி ஆலைக்கு எழுதுகிறான்: 'நாற்பத்து மூன்றாம் எண் துணியை ஸ்ட்ரோன் குடும்பத்துக்கு அனுப்பிவிட்டேன். இப்போது மக்கெர்ரன் குடும்பமும் கேட்கிறது. அதே துணியில் ஒரு வெள்ளைக் கோடு சேர்த்து மக்கெர்ரன் என்று பெயர் போட்டு அனுப்பவும். அவசரம்.'

எங்கள் ஊரில் தன் குடும்பத்துக்கென்று இருக்கும் கட்டம் ஆதிகாலத்திலிருந்து வந்தது என்று நம்பாதவர் இல்லை. மக்கெர்ரன்களும் ஸ்ட்ரோன்களும் முந்நூறு வருஷத்துக்கு முன் நடந்த ஒரு மாட்டுத் திருட்டுக்காக இன்னும் ஒரே பெஞ்சில் உட்காராதவர்கள். அதைவிட முக்கியம், லாக்லன் மக்கெர்ரன்.

லாக்லன் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹாலில் எந்தச் சொற்பொழிவு நடந்தாலும் நன்றியுரை அவர்தான். அவர் எழுந்து நன்றி சொல்லாவிட்டால் அந்தப் பேச்சு நடந்ததாகவே ஊர் கணக்கில் வைக்காது. பேச்சு தேனீயைப் பற்றியதோ சாக்கடைக் குழாயைப் பற்றியதோ, அவர் நன்றியுரை கடைசியில் தன் கில்ட்டின் வெள்ளைக் கோட்டுக்கு வந்து சேரும். போரில் தோற்று ஓடிவந்த முப்பாட்டனுக்கு நிலவொளியில் பனி மூடிய ஒற்றையடிப் பாதை மட்டும் வெள்ளையாகத் தெரிந்ததாம். அதைப் பிடித்து வீடு வந்து சேர்ந்தானாம். அந்தப் பாதைதான் இந்தக் கோடாம். நூறு தடவை கேட்டிருக்கிறோம். அந்த இடத்தில் அவர் குரல் கம்மும். எங்களுக்கும் ஏதோ செய்யும், பொய் சொல்வானேன்.

"அந்தக் கடிதத்தை விட்டுடேன்," என்றேன் நான். "ஆறுல ஒண்ணு கொறஞ்சா என்ன?"

"விட்டா மீதி அஞ்சும் எதுக்கு? ஆனா அந்த மனுஷன் மொகத்தைப் பாத்துச் சொல்ல முடியுமான்னு தெரியலையே. எனக்கு மொதல் கில்ட் தைக்கக் குடுத்தவர் அவரு. அப்போ எனக்கு இருபத்தி மூணு வயசு. வேற எவனும் நம்பல."

அவருடைய கல்யாணத்துக்கு அவள் தைத்துக் கொடுத்த கில்ட் அது. இப்போது அவர் மகளுக்குக் கல்யாணம். முப்பத்தொரு வருஷத்தில் மனுஷன் சுற்றளவு கூடிவிட்டது. இடுப்பைத் தளர்த்திக் கொடு என்று அதே கில்ட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எதிரியின் கில்ட்டை வைத்துக்கொண்டு போர் ஓலை எழுதுவது மாதிரி இருக்கிறது என்று அவளைக் கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

மூன்றாம் செவ்வாய்க்கு நாலு நாள் முன்னால் போன் செய்தாள். "உடனே வா" என்று மட்டும் சொன்னாள்.

போனேன். கில்ட் மேசைமேல் குப்புறக் கிடந்தது. உள் துணியைப் பிரித்திருந்தாள்.

"பின்பக்கத்தைப் பாரு."

பார்த்தேன். பச்சை, நீலம், கறுப்பு. அழகான கொசுவம்.

"வெள்ளைக் கோடு எங்க?" என்றாள்.

இல்லை. ஒரு கொசுவத்தில்கூட இல்லை. எந்தப் பட்டை வெளியே தெரிய வேண்டும் என்று பார்த்து ஒவ்வொரு கொசுவத்தையும் மடிக்க வேண்டும். முன்பக்கம் கொசுவம் இல்லாத தட்டைத் துணி, அங்கே கோடு தானாகத் தெரியும். மக்கெர்ரன் கில்ட் என்றால் முதுகுப் பக்கமும் வெள்ளைக் கோடு வரிசையாக நிற்க வேண்டும். இருபத்து மூன்று வயது இஷ்பெல் பச்சைப் பட்டையைப் பார்த்து மடித்து, கோட்டை எல்லாக் கொசுவத்திலும் உள்ளே ஒளித்துவிட்டிருந்தாள்.

"பச்சை பளிச்சுன்னு இருந்துச்சுடி," என்றாள் அழாத குறையாக. "முன்னாடி மக்கெர்ரன். பின்னாடி பாத்தா சுத்தமான ஸ்ட்ரோன்!"

நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ தரையில் கொட்டியது. முப்பத்தொரு வருஷமாக சர்ச்சில் லாக்லனுக்கு நேர் பின் பெஞ்சில் உட்காருகிறவர் யார்? ஆர்ச்சி ஸ்ட்ரோன்! ஒவ்வொரு பாட்டுக்கும் எழுந்து நிற்கும்போது தன் குடும்பத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவருக்கும் தெரியவில்லை, ஊரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

"பேசாம மறுபடி மடிச்சுத் தைச்சுக் குடுத்துடு. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே," என்றாள். "ஹால்ல வெச்சு அவரை முழிக்க விடமாட்டேன். ரெண்டையும் இன்னிக்கே சொல்லிடறேன். அதுக்கப்புறம் அவர் என் மூஞ்சிலயே முழிக்கலைன்னாலும் சரி."

சாயங்காலம் லாக்லன் கில்ட்டை வாங்க வந்தார். நான் எழுந்து போகப் பார்த்தேன். இஷ்பெல் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். முதலில் கடிதத்தைக் கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு அவள் கில்ட்டைத் திருப்பிக் காட்டினாள்.

"என் தப்பு, லாக்லன். கோட்டை உள்ள மடிச்சுட்டேன்."

"முன்னாடி?"

"முன்னாடி சரியா இருக்கு."

"பின்னாடி?"

"பின்னாடி நீங்க ஸ்ட்ரோன்."

அவர் விரலால் ஒரு கொசுவத்தை விரித்தார். உள்ளே அந்த வெள்ளைக் கோடு வெயிலே படாமல் புதுசாக இருந்தது. கல்யாணத்துக்குள் பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்று இஷ்பெல் சொல்லச் சொல்ல, "இடுப்பு தளர்த்தியாச்சா?" என்று மட்டும் கேட்டார். ஆச்சு என்றாள். உள் துணியை மூடித் தைக்கும் வரை நின்று, கில்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவள் அன்றைக்கு அதற்குமேல் ஊசியைத் தொடவே இல்லை. அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை நாற்பது நாற்காலி போட்டேன், அறுபது பேர் வந்தார்கள். இங்கே எந்த விஷயம்தான் ரகசியமாக இருக்கும்? முன்வரிசையில் அவர் நாற்காலி காலியாக இருந்தது. இஷ்பெல் அதைப் பார்க்காமலிருக்க முயன்றாள், முடியவில்லை. பேச ஆரம்பித்துப் பத்து நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. லாக்லன் அதே கில்ட்டோடு வந்து உட்கார்ந்தார். பின்வரிசையில் ஆர்ச்சி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் கடிதத்தைப் படித்தாள். லாக்லன் பெயரையோ அவர் கில்ட்டையோ சொல்லவில்லை. மக்கெர்ரன், ஸ்ட்ரோன் என்று வந்ததும் ஹாலில் ஒரு முனகல். ஆனாலும் அவள் முழுக்கப் படித்து முடித்தாள். கைதட்டலாமா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

லாக்லன் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"இந்த வெள்ளைக் கோடு இருக்கே..." என்று வழக்கம்போலத்தான் தொடங்கினார். பிறகு நிறுத்திவிட்டு, சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

"நல்லாப் பாத்துக்கோங்க. கோடு இல்ல. முப்பத்தோரு வருஷமா இல்ல. நிலா வெளிச்சத்துல நடந்த கதை, அது என் அப்பா சொன்னது. நிஜமா இல்லையான்னு இனிமே கேட்கப் போறதில்ல. ஆனா இந்தக் கில்ட்டோட வரலாறு மட்டும் எனக்குச் சுத்தமாத் தெரியும். தைச்சவ யாருன்னு தெரியும், எங்க தப்பு பண்ணான்னு தெரியும், அதை மறைக்காம வந்து சொன்னான்னும் தெரியும். உங்கள்ல எத்தனை பேருக்கு உங்க கில்ட்டைப் பத்தி இவ்வளவு தெரியும்? நன்றி, இஷ்பெல். என் பொண்ணு கல்யாணத்துக்கு இதை இப்படியேதான் கட்டப் போறேன். ஒரு தையலையும் தொடாத."

முழு நன்றியுரையையும் சுவரைப் பார்த்தே சொன்னார். இஷ்பெல் கைக்குட்டையைத் தேடினாள். நான் மேசை துடைக்கிற துணியைக் கொடுத்தேன், அதிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பின்வரிசையிலிருந்து ஆர்ச்சி ஸ்ட்ரோன் மெல்ல எழுந்தார்.

"அதான பாத்தேன்," என்றார். "முப்பத்தோரு வருஷமா, சர்ச்சுல நீ எனக்கு முன்னாடி எழுந்து நிக்கறப்போ மட்டும் எனக்கு உன்மேல கோவமே வந்ததில்ல."