காது மடலில் ஒரு புண்

சிங்கப்பூரின் ஈசூனில் அடுக்குமாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. நில அளவை வேலை. காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை வெயிலில் நிற்பேன். தொப்பி போட்டதில்லை. கறுத்த தோலை வெயில் என்ன செய்துவிடும் என்பது என் எண்ணம்.

தினமும் நாட்குறிப்பு எழுதுவேன். ஒரு ஞாயிறன்று, "வலது காது மடலின் மேல் சிறு புண். சவரக்கத்தி பட்டிருக்கிறது" என்று எழுதினேன். சிராங்கூன் சாலையில் எனக்கு வழக்கமாக முடி வெட்டுபவர் முத்தையா. அவரிடம் ஒன்றும் கேட்காமல் கடையை மாற்றிக்கொண்டேன்.

நான்கு மாதம் கழித்து அவரே என்னைத் தெருவில் மறித்தார்.

"என்ன சார், நம்ம கடை பிடிக்கலையா?"

"உங்க கத்தி போட்ட புண்ணு இன்னும் ஆறல."

அவர் என் காதை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவு மேல கத்திக்கு என்ன வேலை சார்? அங்க முடியே இல்லையே. என்னை அப்புறம் திட்டலாம், நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க லா."

காட்டினேன். தோல் புற்றுநோய், வெயில் பல வருடங்களாகச் செய்த வேலை என்றார் டாக்டர். மடலின் ஓரத்தை வெட்டி எடுத்தார்கள். நல்லவேளை, பரவியிருக்கவில்லை.

எழுதியதை அடிக்கும் வழக்கம் எனக்கு இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தின் அடியில், "முத்தையாவின் கத்தி அல்ல" என்று சேர்த்தேன்.

இப்போது அகன்ற தொப்பியோடுதான் வெளியே போகிறேன். கடைக்குள் நுழைந்ததும் முத்தையா அதை வாங்கி ஆணியில் மாட்டுவார். முடி வெட்டியதும், கேட்காமலே என் இரண்டு காதுகளையும் திருப்பிப் பார்ப்பார். அவரிடம் நான் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. அவர் பார்த்து முடிக்கும்வரை தலையை அசைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.