தொடக்க மூச்சு

தேவாலயத்தில் நாங்கள் வாசிக்கப் போனால் முதல் தகராறு மின்விசிறியைப் பற்றித்தான் வரும். ரெக்கார்டர் என்பது வாயில் வைத்து நேராக ஊதுகிற மரக்குழல். வாய் வைக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன சன்னல் மாதிரி வெட்டியிருப்பார்கள். சத்தம் அங்கேதான் பிறக்கிறது. மேலே விசிறி சுற்றினால் அந்தக் காற்று சன்னலில் குறுக்கே அடித்து ஸ்வரம் உடைந்துவிடும். அதனால் விசிறிகளை நிறுத்தச் சொல்லிக் கேட்போம். ஏப்ரல் மாதத்தில், பட்டுச்சேலையில் வந்து உட்கார்ந்திருப்பவர்கள் நடுவில் இதைக் கேட்டால் என்ன பார்வை கிடைக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு சபையில் மூன்றாவது உருப்படி நடந்துகொண்டிருக்கும்போது ஓர் அம்மாள் எழுந்து போய் எல்லா சுவிட்சுகளையும் போட்டுவிட்டு, எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, திரும்ப வந்து உட்கார்ந்தார்.

காணிக்கை எடுப்பதற்கும் அறிவிப்புகளுக்கும் நடுவில் எங்களுக்குப் பத்து நிமிடம் தருவார்கள். போதகர் எங்களை அறிமுகப்படுத்தப் பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொள்வார். புல்லாங்குழல் குழு என்பார். திருத்துவதை நாங்கள் இரண்டாவது வருஷமே விட்டுவிட்டோம். சில சபைகளில் ஆலயத்துக்குள் கைதட்டக் கூடாது. அந்தச் சபைகள்தான் எனக்குப் பிடிக்கும். அங்கே மக்களுக்குப் பிடிக்கவில்லை என்பது வெளியே தெரியாது.

நாங்கள் நான்கு பேர், மராத்தி பேசும் ஊரில் குடியேறிய தமிழர்கள். உச்சக் குழல் வாசிப்பவர் கராடியில் மென்பொருள் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்க்காரர். நால்வரில் இளையவர், இசை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அடிக்குரல் குழல் போசரியில் ஓர் என்ஜினியரிங் யூனிட்டில் சூப்பர்வைசராக இருப்பவருடையது. ஆற்காட்டுப் பக்கத்துக் குடும்பம், இந்து. எங்கள் யாருக்கும் தோன்றாத ஒன்றை அவர் செய்வார்: எந்தத் தேவாலயமானாலும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் வாசிப்பார். இரண்டாவது குழல் நான். ஓர் ஆங்கில நாளிதழில் செய்தி திருத்தும் மேசையில் இருந்து ஓய்வு பெற்றவன்.

மூன்றாவது குழல் அக்கா. தேஹு ரோடு ராணுவ டிப்போவில் தட்டச்சராக இருந்தவர், திருநெல்வேலிக் கிறிஸ்தவக் குடும்பம், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லாருமே பிளாஸ்டிக் ரெக்கார்டர் ஊதியவர்கள்தான். அதை மறந்துபோன எங்களைத் தேடிப் பிடித்து, குழுவைத் தொடங்கியவர் அவர். சனிக்கிழமை தோறும் அவர் வீட்டில்தான் பயிற்சி.

எங்களுக்கு முன்னால் நின்று கையை ஆட்டித் தாளம் காட்ட யாரும் கிடையாது. ஒருவர் குழலை லேசாக உயர்த்தி, மற்ற மூவர் காதிலும் விழும்படி மூக்கால் மூச்சை இழுப்பார். அந்த மூச்சின் நீளம்தான் ஒரு தாளத்தின் நீளம். அது எந்த வேகமோ அதுதான் பாட்டின் வேகம். மூச்சு முடிகிற இடத்தில் நால்வரும் ஒன்றாகத் தொடங்குவோம். முதல் நாளிலிருந்து அந்த மூச்சு அக்காவுடையது.

"டிப்போவுல நான் செத்து விழுந்தாக்கூட டைப் அடிச்சு முடிச்சாச்சான்னுதான் கேப்பான்," என்று ஒருமுறை சொன்னார். "இங்க மூணு ஆம்பளைங்க என் மூச்சுக்குக் காத்துட்டு நிக்கீங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் தொடங்கி மற்றவர்கள் பின்னால் போன இடம் அவர் வாழ்க்கையில் வேறு எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

போன மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்து வந்தார். அதன்பிறகு அந்த மூச்சு இரண்டு துண்டாக வந்தது. இழுப்பார், பாதியில் சிக்கும், மறுபடி இழுப்பார். எந்தத் துண்டின் முடிவில் தொடங்குவது என்று எங்களுக்குப் புரியவில்லை. நால்வரும் நாலு இடத்தில் தொடங்கினோம். தன் மூச்சுதான் காரணம் என்று அவருக்குத் தெரியவில்லை. "என்ன இன்னிக்கு எல்லாருக்கும் தூக்கமா? சலோ, திரும்ப," என்பார்.

நவம்பரில் அப்படி ஒரு பயிற்சி முடிந்து கராடிக்காரரின் காரில் மூவரும் திரும்பிக்கொண்டிருந்தோம்.

"இப்படியே போனா டிசம்பர்ல கோயில்ல போய் முழிச்சிட்டு நிக்கோணுங்க சார்," என்றார் அவர்.

"அக்காவுக்கு மூச்சு ரெண்டு தபா வருது. நான் எதுல எடுக்கறது, சொல்லு," என்றார் போசரிக்காரர்.

"தொடக்கம் நான் குடுக்கறேனுங்க. ஆனா நான் போய் அக்காகிட்டச் சொன்னா நல்லா இருக்காதுங்க. எல்லாருக்கும் சின்னவன் பாருங்க."

"சார் சொல்லட்டும். பேப்பர்ல இருந்தவரு. பதமா சொல்வாரு."

"ஆமாங்க, சார்தான் சரி."

சரி என்றேன்.

புதன்கிழமை போனேன். அக்கா அவலில் போஹா செய்து வைத்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், மருந்து உறிஞ்சும் புதுக் கருவியைக் காட்டினார். "இதையும் ஒரு குழல்னுதான் நினைச்சுக்கிட்டேன். டாக்டர் சொல்லுதாரு, ஊதுறதை மட்டும் விட்டுறாதீங்கம்மா, அதுதான் உங்களுக்கு மருந்துன்னு. நான் விட்டா நீங்க மூணு பேரும் எங்க தொடங்குவீங்கன்னு அவருக்குத் தெரியுமா?" நான் இரண்டு தட்டு போஹா சாப்பிட்டேன். மழை, ரயில், பேரப்பிள்ளை இல்லாத என் வீடு என்று ஒரு மணி நேரம் பேசினோம். கிளம்பிவிட்டேன்.

தேஹு ரோடு பிளாட்பாரத்தில் நிற்கும்போது கராடிக்காரரின் வாட்ஸப் வந்தது: சொல்லியாச்சுங்களா சார்? நான் பதில் எழுதினேன்: சொல்லிவிட்டேன். ஒத்துக்கொண்டார்.

இரண்டு வாக்கியம், இரண்டும் பொய். இருபத்தாறு வருஷம் மற்றவர்கள் எழுதிய செய்தியின் ஓரத்தில் 'உறுதி செய்தது யார்' என்று எழுதித் திருப்பி அனுப்பியவன் நான். சனிக்கிழமை பயிற்சிக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்தச் சனிக்கிழமை கராடிக்காரருக்கு அலுவலகத்தில் ஏதோ அவசர வேலை, பயிற்சி இல்லை. அடுத்த சனிக்கிழமை அக்காவின் தம்பி மகளுக்குக் கல்யாணம். அதற்கு அடுத்த நாள் கச்சேரி.

கண்டோன்மெண்டில் ஒரு பழைய கல் தேவாலயம். டிசம்பர் மாலை, நல்ல குளிர். விசிறிச் சண்டை இல்லை. ஆனால் குளிர்ந்த மரம் சுருதி இறங்கி ஒலிக்கும். அதனால் போதகரின் அறையில் நின்று குழல்களை ஸ்வெட்டருக்குள் கக்கத்தில் வைத்துச் சூடேற்றினோம்.

"நாலு பேரும் காய்ச்சல் பாக்குத மாதிரி நிக்கோம்," என்றார் அக்கா.

"அக்கா, ஒரு நிமிஷம்," என்றேன். அப்போது போதகர் உள்ளே வந்து ஜெபிக்கலாமா என்று கேட்டார். நீண்ட ஜெபம். எங்கள் விரல்களை ஆசீர்வதிக்கும்படி கேட்டுக்கொண்டார். அது முடிந்ததும் மணி அடித்துவிட்டது.

உட்கார்ந்தோம். அக்கா குழலை உயர்த்தினார். கராடிக்காரரும் உயர்த்தினார். இரண்டு மூச்சு கேட்டது: ஒன்று சுருக்கமாக, சுத்தமாக, மற்றது பாதியில் சிக்கி நின்றது. மூன்று குழல்கள் முதல் மூச்சில் தொடங்கின. அக்காவின் குழல் ஒரு தாளம் பின்னால் வந்தது. அறையாக இருந்தால் அது தவறு, அவ்வளவுதான். உயரமான கற்கூரை ஒரு தவறை அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை. நாங்கள் நிறுத்திய பிறகும் அது மேலே கொஞ்ச நேரம் இருந்தது.

முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: "டெஸ்டிங்கா?"

அக்கா கராடிக்காரரைப் பார்த்தார். அவர் மெதுவாகத் தலையசைத்துப் புன்னகை செய்தார். ஒத்துக்கொண்டதை ஞாபகப்படுத்துகிறவருடைய, மரியாதையான புன்னகை. அக்கா போசரிக்காரரைப் பார்த்தார். அவர் தன் வெறுங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். ஸ்டாண்டில் நேராகவே இருந்த தாளை நான் நேராக வைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் குழலைத் தாழ்த்தினார். கராடிக்காரர் மறுபடி மூச்சை இழுத்தார். ஒன்றாகத் தொடங்கினோம். அன்று முழுவதும் அக்கா அவர் மூச்சில் தொடங்கினார், ஓர் இடத்தில்கூடத் தவறவில்லை. அதுவரை நாங்கள் வாசித்ததிலேயே அதுதான் சிறந்த கச்சேரி. இதைச் சொல்லாமல் விட்டால் அதுவும் ஒரு பொய்தான்.

பிறகு பக்கத்துக் கூடத்தில் டீயும் சமோசாவும். போதகர் வந்தார். "ஃப்ளூட் ரொம்ப ஆசீர்வாதமா இருந்துச்சு. மொதல்ல கொஞ்சம் ட்யூன் பண்ணீங்க போல."

அவர் நகர்ந்ததும் கராடிக்காரர் தாழ்ந்த குரலில் கேட்டார்: "அக்கா, சார் உங்ககிட்டச் சொன்னாருங்களே?"

என் கையில் கடித்த சமோசா இருந்தது.

"சொன்னான்," என்றார் அக்கா. "நாந்தான் மறந்துட்டேன். பழக்க தோஷம்."

கட்கி ஸ்டேஷன் வரை அவரோடு நடந்தேன். அவருக்கு லோனாவளா லோக்கல் பிடிக்க வேண்டும். பாதி வழியில் நான் தொடங்கினேன்.

"அக்கா, நீங்க எதுக்கு..."

"உன்னைக் காப்பாத்தினேன்னு நினைச்சுக்கிடாதே. அத்தனை பேர் மத்தியில எனக்கு ஒருத்தரும் சொல்லலைன்னு சொல்லிக்கிட்டு நிக்க என்னால ஏலாது." கொஞ்ச தூரம் போய்க் கேட்டார்: "பேப்பர்ல எத்தனை வருஷம் இருந்தே?"

"இருபத்தாறு."

"ஊருக்கெல்லாம் செய்தி சொன்னே. எனக்குத்தான் வரலை."

பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு சொன்னார்: "அந்தக் கராடித் தம்பிகிட்ட மட்டும் தனியா நிஜத்தைச் சொல்லிரு. மூச்சு போச்சுன்னு நினைக்கட்டும். அது நிஜந்தானே. புத்தி போச்சுன்னு நினைச்சுறக் கூடாது. அப்புறம் என்னை எதுலயும் சேக்க மாட்டாங்க."

"சொல்றேன் அக்கா."

"இந்த வாரமே சொல்லு."

சொல்லவில்லை. எங்கள் அலுவலகத்தில் தவறு நேர்ந்தால் மறுநாள் இரண்டாம் பக்கத்தில் நாலு வரியில் திருத்தம் போடுவோம். மறுநாள் போட்டால் நாலு வரி போதும். ஒரு வாரம் தள்ளினால், ஏன் ஒரு வாரம் தள்ளினோம் என்பதையும் எழுத வேண்டும். நான் அப்படித் தள்ளித் தள்ளி, அந்த விளக்கத்தை எழுத முடியாத இடத்துக்கு வந்துவிட்டேன். நியாயம் சொல்லவில்லை. நடந்த விதம் அது.

ஜனவரியிலிருந்து கராடிக்காரர் அக்காவிடம் கொஞ்சம் உரக்கப் பேசத் தொடங்கினார். பக்கத்தை அவருக்காகத் திருப்பி வைத்தார். "அக்கா, இந்த இடத்துல ரிப்பீட் இருக்குதுங்க, ஞாபகம் இருக்குதுங்களா?" என்பார். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அவருடைய பெரியம்மாவுக்கு மறதி நோய் வந்து கஷ்டப்பட்டதைக் கண்ணால் பார்த்தவர்.

"ஞாபகம் இருக்குய்யா," என்றார் அக்கா ஒருநாள். "உன் தாத்தா பேரு மட்டுந்தான் தெரியாது. அதை நீ இன்னும் சொல்லலை."

போசரிக்காரர் சிரித்தார். கராடிக்காரர் சிரிக்காமல், பரிவோடு தன் தாத்தாவின் பெயரைச் சொன்னார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அதன்பிறகு பயிற்சியில் அவர் என் பக்கம் பார்ப்பதில்லை.

ஒருநாள் குழாயில் தண்ணீர் வரும் நேரம் என்று சமையலறைக்கும் முற்றத்துக்கும் அலைந்ததில் அவர் தன் இசைத்தாள் உறையை எங்கோ வைத்துவிட்டுத் தேடினார். யாருக்கும் நடக்கக்கூடியது. அன்று திரும்பும்போது காரில் கராடிக்காரர் சொன்னார்: "டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லோணுங்க. இப்படித்தானுங்க ஆரம்பிக்கும்." போசரிக்காரர், "ஆமா, அன்னிக்கு சர்ச்சுல பார்த்தமே," என்றார். நான் பின் இருக்கையில் மெட்ரோ தூண்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த நேரத்தில் ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் தொடங்கியபோது எங்கள் வாட்ஸப் குழுவில் கராடிக்காரர் எழுதினார்: அக்கா, உடம்புதான் முக்கியமுங்க, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்குங்க, உங்க இடம் உங்களுக்குத்தான். மூன்று நாள் கழித்து அக்கா பதில் போட்டார்: சரி. பாட்டுத்தாள்கள் இருந்த உறையை அவருடைய தம்பி மகன் கொண்டுவந்து என் வீட்டில் கொடுத்தான். நான் ஒருமுறை தொலைபேசியில் அழைத்தேன். எடுத்தார். "சொல்லிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப வேற என்ன பேச?" என்று வைத்துவிட்டார்.

இப்போது பயிற்சி கராடியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ஹவுஸில். மூன்றாவது குழலுக்குக் கராடிக்காரரோடு வேலை பார்க்கும் ஒரு பெண் வந்திருக்கிறாள். நன்றாக வாசிக்கிறாள். சபைகளில் இப்போது எங்களை இரண்டாவது தடவையும் கூப்பிடுகிறார்கள்.

முதல் நாள் அவளிடம் அக்காவின் உறையை நான்தான் கொடுத்தேன். உள்ளே எல்லாத் தாளிலும் எங்கெங்கே மூச்சு எடுப்பது என்று பென்சிலால் குறித்திருந்ததைப் பார்த்துவிட்டு, "இவங்க ஏன் விட்டுட்டாங்க?" என்று கேட்டாள்.

"ஞாபக மறதிங்க, பாவம்," என்றார் கராடிக்காரர். "சார் நேர்ல போய் எடுத்துச் சொல்லியிருந்தாரு. அப்பவும் ஸ்டேஜ்ல மறந்துட்டாங்க."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "அச்சோ. நீங்க சொன்னப்பவாவது அவங்களுக்குப் புரிஞ்சுதா அங்கிள்?"

போசரிக்காரரும் என்னைப் பார்த்தார்.

"புரிஞ்சுது," என்றேன்.