கார் வந்த ஒழுங்கை

சுருவில் கிராமத்தில், எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் இரு பக்க வேலிகளும் ஒன்றையொன்று கட்டிப்பிடிக்கப் பல காலமாக முயன்றுகொண்டிருந்தன. வருடாவருடம் வேலியடைப்பு வரும். பழைய பனையோலையைப் பிரித்துப் புதியதைக் கட்டும்போது, வேலியைத் தாங்கும் கதியால் கம்பும் ஒரு சாண் வெளியே வந்து ஊன்றப்படும். கிழக்குப் பக்கக் கமக்காரர் ஒரு சாண் வந்தால் மேற்குப் பக்கத்தில் மீன்பிடி வள்ளம் வைத்திருந்த சம்மாட்டியார் சும்மா இருப்பாரா? எண்பதுகளின் கடைசியில், இரண்டு சைக்கிள்கள் எதிரெதிரே வந்தால் ஒருவர் இறங்கி வேலியோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்றாகிவிட்டது.

ஒழுங்கையின் கடைசி வீடு எங்களுடையது. கிணற்றில் உவர்த் தண்ணீர். கோடையில் உழவு இயந்திரம் இழுத்துவரும் தண்ணீர் பவுசர் ஒழுங்கை முகப்போடு நின்றுவிடும். அங்கிருந்து குடம் குடமாகச் சுமப்பது அம்மா. "இந்தக் கோடையோட என்ர இடுப்பு முறியும்" என்று அவர் சொல்லாத நாளில்லை. நான் சுமக்கப்போனால், "படிச்ச பிள்ளை குடம் தூக்கிறதோ" என்று பறித்துவிடுவார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான்தான். அதனாலேயே கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர் பதவியும் என் தலையில் விழுந்தது. ஒழுங்கையைத் திருத்தக் கிரவல் மண் கேட்டு அரசாங்கத்துக்கு எழுதினேன். பார்க்க வந்த உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே சொன்னார்.

"தம்பி, வடிவாய்க் கேளும். இருக்கிற றோட்டைத் திருத்திறதெண்டால் சுற்றாடல் ஆய்வு தேவையில்லை, விலக்கு இருக்கு. அகட்டினாலோ புதுசாய்ப் போட்டாலோ விலக்கு இல்லை. பக்கத்தில குளம் வேற கிடக்கு. கொக்கையும் தாழையையும் எண்ணக் கொழும்பில இருந்து ஆள் வரவேணும். அதுக்கிடையில நான் பென்சன் எடுத்திடுவன்."

"உழவு இயந்திரம் போற அகலம் முந்தியே இருந்தால்?"

அவர் ஒழுங்கையைப் பார்த்தார். சிரித்தார். "இருந்தால் விலக்குத்தான். அடுத்த கிழமை அளக்க வாறன்."

சங்கக் கூட்டத்தில் றோட்டு வேண்டாம் என்றவர் ஒருவருமில்லை. வேலியைப் பின்னுக்குப் போடுகிறேன் என்றவரும் ஒருவருமில்லை. பின்னுக்குப் போட்டால், முன்னுக்குப் போட்டதை ஒப்புக்கொண்டதாகிவிடுமே! நான் யோசித்து ஒரு வழி சொன்னேன். வேலியடைப்புக் காலம்தானே, ஒருவரும் வேலியைப் பின்னுக்கு அரக்க வேண்டாம், எல்லோரும் சேர்ந்து பிரித்துவிடுங்கள். வேலி இல்லாத இடத்தில் அகலத்துக்கு என்ன குறை? எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். தளதளவென்று துளிர்த்து நின்ற கிளுவைக் கதியால்களைக்கூட "உக்கிப்போச்சு" என்று சொல்லிப் பிடுங்கினார்கள்.

அளவு நாடாவோடு வந்த உத்தியோகத்தர் கண்ணைக் கசக்கினார். கிணறுகள், ஆடுகள், கொடியில் காய்ந்த உடுப்புகள் எல்லாம் ஒரே வெளியில் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தன.

"ஒழுங்கை எங்கை காணும்?"

"இதுதான் ஐயா."

"இது வெளி. வெளியில போட்டால் அது புது றோட்டு. புது றோட்டுக்கு விலக்கு இல்லை."

இதை நான் யோசிக்கவில்லை. இடுப்பில் குடத்தோடு வந்துகொண்டிருந்த அம்மா நின்று என்னைப் பார்த்தார். உத்தியோகத்தர் என் முகத்தில் என்ன கண்டாரோ, மனமிறங்கினார். "சரி, அவரவர் வேலி நிண்ட இடத்தில வந்து நில்லுங்கோ. நடுவில மிஞ்சிறதுதான் றோட்டு."

கமக்காரர் வந்து நின்றார், போன வருட வேலிக்கும் ஓரடி முன்னால். சம்மாட்டியார் எதிரே வந்து நின்றார். இருவரும் ஒரே சுருட்டில் நெருப்புப் பற்றவைக்கலாம் போலிருந்தது.

"கொஞ்சம் பின்னுக்குப் போறது, சம்மாட்டியார்" என்றார் கமக்காரர்.

"நீர் முதல்ல அரக்கும், பாப்பம்."

உத்தியோகத்தர் நாடாவைச் சுருட்டத் தொடங்கினார். அம்மா குடத்தை இறக்கி வைத்தார்.

"ஐயா, கொஞ்சம் பொறுங்கோ. இந்த அண்ணையின்ர கலியாணத்துக்கு வாசலடி மட்டும் கார் வந்தது. அதை ஒருக்கா ஐயாவுக்குச் சொல்லுங்கோ அண்ணை."

கமக்காரர் அந்தக் கதையைச் சொல்லாத செத்தவீடு ஊரில் இல்லை. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "வந்ததோ எண்டு கேக்கிறியளோ? கறுப்புக் கார்! பண்ணைப் பாலத்தால வந்து, இந்த ஒழுங்கைக்குள்ளால நேர..."

"உம்மட வயித்துக்கு மேலாலயோ வந்தது?" என்றார் சம்மாட்டியார்.

எல்லோரும் சிரித்தார்கள். கமக்காரர் தன் காலடியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். காணியா, காரா? ஒன்றை விடத்தான் வேண்டும். மெல்லப் பின்னால் போனார். கார் போகுமளவுக்குப் போய் நின்றார்.

அம்மா விடவில்லை. "கலியாணப் பொம்பிளை கதவைத் திறந்து இறங்கினவா எல்லே அண்ணை?"

கதவுக்காக அவர் இன்னும் ஓரடி போனார். ஊர் முழுக்கத் தன்னைப் பார்ப்பதைக் கண்ட சம்மாட்டியார், "சரி, என்ர பக்கத்துக் கதவும் திறக்கட்டும்" என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் பின்னால் நடந்தார்.

உத்தியோகத்தர் அளந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டுதான் அளந்தார். "கார் ஓடின றோட்டு. திருத்த வேலைதான். விலக்கு."

கிரவல் வந்தது. அந்தக் கோடை முடிவதற்குள் பவுசரும் எங்கள் வாசல் படலையடிக்கு வந்தது. அம்மா குடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் கோழியை ஏறவிட்டார்.

அடுத்த வேலியடைப்பில் கமக்காரரின் புதுக் கதியால் ஒன்று கிரவலுக்குள் ஒரு சாண் வந்து நின்றது. வெறுங்கையோடு அந்தப் பக்கம் போன அம்மா நின்றார்.

"அண்ணை, கதவு முட்டப் போகுது."

கமக்காரர் குனிந்து கதியாலைப் பிடுங்கினார்.