மைக்கில் கூப்பிட்டேன், ஆம்பளைகள் ஓடினார்கள்

ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்றைக்கு முதலிபாளையத்தில் நாற்பது மெஷின் ஓடும் பனியன் கம்பெனி என் சொந்த உழைப்பு. அப்பேர்ப்பட்ட என்னாலேயே ஆம்பளைகளை ரத்தப் பரிசோதனைக்கு உட்கார வைக்க முடியவில்லை.

எய்ட்ஸ் பரிசோதனைக்கு நர்சம்மாவைக் கம்பெனிக்கே வரவழைத்தேன். பாட்டுப் போடும் மைக்கில் எல்லோரையும் கூப்பிட்டேன். பெண்கள் வந்தார்கள். ஆம்பளைகள் டீக்கடைக்கு ஓடிவிட்டார்கள்.

கட்டிங் மாஸ்டரை மட்டும் ஓரமாகப் பிடித்து நிறுத்தினேன். மறைவிடத்துப் புண்ணுக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கித் தின்பதாக என்னிடம் சொல்லியிருந்தான். அவன் மனைவி மாசமாக இருந்தாள்.

"நான் குடும்பஸ்தன்லா மொதலாளி, எனக்கு எதுக்கு?" என்றான்.

"ஏனப்பா, ஊட்டுக்காரிக்கும் கொழந்தைக்கும் ஒட்டுனா என்ன பண்ணுவே?"

"அப்ப நீங்க மொதல்ல கைய நீட்டுங்க, பாப்போம்."

கடுப்போடு சட்டைக் கையை மடித்து நீட்டினேன். அப்புறந்தான் அவனும் உட்கார்ந்தான். அவனுக்கு எய்ட்ஸ் கிருமி இல்லை. வேறு பால்வினை நோய் இருந்தது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஊசி போட்டார்கள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது.

மற்றவர்கள் இன்னும் நழுவுகிறார்கள். நான் இப்போது இதற்கு மைக்கைத் தொடுவதில்லை. சாயப்பட்டறைக்கு டையிங் வேலையாகப் போவதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டு, ஒவ்வொருவராக என் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். போகிற வழியெல்லாம் என் கெஞ்சல்தான். என் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரைக்கூட நான் இப்படித் தாங்கியதில்லைங்க!