லிப்ட் வேலை முடிந்துவிட்டது

இந்த இயந்திரத்துக்கு வேலை சொல்லிக் குடுக்கிற நேரத்துக்கு, அந்த வேலையை நானே செய்துபோட்டு வீட்டை போயிடலாம் எண்டு நினைக்காத நாள் என்ர தொழிலில இல்லை.

லிப்ட் திருத்திற கொம்பனி ஒண்டுக்கு, எந்த வேலை ஆரிட்ட, எந்தளவில நிக்குது எண்டு பார்க்கிற மென்பொருள் செய்து குடுத்திருக்கிறம். அதை ஓட்டுறது ஒரு ஏஐ ஏஜன்ட். வேலையைப் பதியிறது, ஆளைப் போடுறது, வேலையை மூடுறது எண்டு அதுக்குச் சில கருவியள். எந்தக் கருவியை எப்ப பாவிக்க வேணும் எண்டு விளக்கம் எழுதுறது நான். எழுதினதைத்தான் அது வாசிக்கும். எங்கட முகத்தைப் பார்த்து ஒண்டும் விளங்கிக்கொள்ளாது. புது ஆளுக்கு வேலை பழக்கித் தலையில அடிச்சுக்கொண்ட எல்லாருக்கும் என்ர பாடு தெரியும்.

மேலாளர் சுகந்தன் அண்ணாவுக்கு விளக்கம் ஒரு வரிதான் இருக்க வேணும். நான் நாலு வரி எழுதினா மூண்டை வெட்டுவார். கொட்டாஞ்சேனையில இருக்கிற அந்தக் கொம்பனியின்ர முதலாளி நவாஸ் ஹாஜியார், இந்த மாதம் சும்மா பாவிச்சுப் பார்க்கிறார். அவர் வேண்டாம் எண்டா எங்கட குழுவையே கலைச்சு வீட்டை அனுப்பிப்போடுவினம்.

எல்லாம் அவசரம்

"அவசரமான வேலையை முதலில் எடு" எண்டது முதல் விளக்கம். ஹாஜியாரின்ர ஒபிசில பதியிற எல்லா முறைப்பாட்டுக்கும் அவசரம் எண்டுதான் போடுவினம். லிப்டுக்குள்ள ஆள் மாட்டுப்பட்டாலும் அவசரம், பல்ப் எரியாட்டியும் அவசரம். ஒருநாள் தெஹிவளையில ஒரு மனுசன் லிப்டுக்குள்ள நிண்டு கத்திக்கொண்டிருக்க, ஏஜன்ட் முதல் வந்த பல்புக்கு ஆளை அனுப்பிப்போட்டுது. அவசரத்தைக் கொஞ்சம் குறைச்சுப் போடச் சொல்லுங்கோ எண்டு ஹாஜியாரிட்டக் கெஞ்சினன்.

"அவசரம் இல்லாட்டி எதுக்கு, மகள், ஒரு மனிசன் கோல் எடுக்கிறான்?"

வேலையில்லாத மாப்பிள்ளை

அடுத்தது, "வேலை குறைந்தவரிடம் கொடு." லீவில நிக்கிற ஆக்களை விடு எண்டும் எழுதியிருந்தனான். இதையெல்லாம் சொல்லவும் வேணுமோ எண்டு சுகந்தன் அண்ணா வெட்டிப்போட்டார். ஐயோ, சொல்லத்தான் வேணும்! அண்டைக்கு வந்த அவ்வளவு வேலையும் ஹெந்தளையில இருக்கிற மெக்கானிக் நிரோஷனுக்குப் போச்சுது. அவரிட்டத்தானே ஒரு வேலையும் இல்லை! அண்டைக்கு அவருக்குக் கலியாணம். மேளச்சத்தத்துக்கு நடுவில எனக்கு கோல் எடுத்தார்.

"மிஸ், தாலியைக் கட்டிப்போட்டு வரட்டோ, இல்லாட்டி லிப்டைப் பார்த்துப்போட்டு வந்து கட்டட்டோ?"

முடிஞ்சது எண்டா முடிஞ்சது

மெக்கானிக்மாருக்கு ஒரு பழக்கம். லிப்டைக் கழட்டிப் பார்த்துப்போட்டு, சாமான் வாங்கப் பஞ்சிகாவத்தைக்கு வெளிக்கிடேக்கையே போனில 'முடிந்தது' எண்டதை அமத்திப்போடுவினம். இல்லாட்டி ஃபிளாட்காரர் கோல் எடுத்தே கொண்டுபோடுவினம். ஏஜன்டும் அதைப் பார்த்து வேலையை மூடும். லிப்ட் அப்பிடியே தொங்கும். இன்னும் ஒரு பில்டிங் கத்தினா உங்கட சாமானே வேணாம் எண்டு ஹாஜியார் சொல்லிப்போட்டார்.

நான் இருந்து எழுதினன்: "மெக்கானிக் முடிந்தது என்றதும் மூடாதே. அங்கே குடியிருக்கும் ஒருவரிடம் கேள். அவர் ஏறி இறங்கிப் பார்த்துச் சொன்னால் மட்டும் மூடு. மறுபடி முறைப்பாடு வந்தால் உடனே திற." சுகந்தன் அண்ணா அதை "முடிந்த வேலையை மூடு" எண்டு ஆக்கினார். எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. சண்டையே பிடிச்சன்.

"தங்கச்சி, முடிஞ்சது எண்டா முடிஞ்சதுதானே? அதுக்கு என்ன விளக்கம்?"

ஆறாம் மாடி

சுகந்தன் அண்ணா இருக்கிறது வெள்ளவத்தையில, ஆறாம் மாடியில. அவையின்ர லிப்டும் ஹாஜியாரின்ர பொறுப்புத்தான். போன கிழமை அவற்ற அப்பாவுக்குக் களுபோவிலை ஆசுபத்திரியில முழங்கால் ஒப்பரேசன் முடிஞ்சு, வீட்டை போகலாம் எண்டு துண்டு வெட்டிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வந்து பார்த்தா லிப்ட் ஓடேல்லை. மெக்கானிக் பஞ்சிகாவத்தைக்குப் போயிட்டார். அண்ணா முறைப்பாட்டு நம்பருக்கு எழுதினா ஏஜன்ட் சொல்லுது: "அந்த வேலை முடிந்துவிட்டது. வேறு உதவி வேண்டுமா?" திரும்ப எழுதினாலும் அதே பதில்தான்.

எனக்கு கோல் எடுத்தார். "தங்கச்சி, முடியேல்லை எண்டு அதுக்குச் சொல்லு!" அழுவார் போல இருந்துது. நீங்கள் எழுதின வரியைத்தானே அண்ணா அது வாசிக்குது எண்டு வாய்வரைக்கும் வந்துது. ஆனா அப்பா கீழ காவலுக்கு நிக்கிற வோச்சரின்ர பிளாஸ்டிக் கதிரையில காலை நீட்டிக்கொண்டு இருக்கிறாராம். பாவமாப் போச்சு. மூடின வேலையை நானே திறந்தன். என்ர நாலு வரியைப் போடட்டோ எண்டு கேட்டன். "போடு, எல்லாத்தையும் போடு" எண்டார். ஹாஜியார் இதைக் கேள்விப்பட்டா எங்கட கதை முடிஞ்சுது எண்டு நினைச்சுக்கொண்டே நாலு வரியையும் போட்டன்.

மெக்கானிக் சாமானோட வந்து அதைப் பொருத்தினார். இந்தமுறை ஏஜன்ட் மூடேல்லை. ஏறி இறங்கிப் பார்த்தீங்களா எண்டு அண்ணாவைக் கேட்டுது. அவர் லிப்டில அப்பாவைக் கூட்டிக்கொண்டு வீட்டு வாசலுக்குப் போன பிறகுதான் ஓம் எண்டு போட்டார். எனக்குச் சொல்ல கோல் எடுக்கேக்க, பின்னால, நடந்த கதையைக் கேட்ட அப்பான்ர குரல் நல்லாக் கேட்டுது.

"முடியாததை முடிஞ்சது எண்டு சொல்லவோடா நீ இவ்வளவு படிச்சனி?"

அதுக்குப் பிறகு ஒரு பில்டிங்கும் கத்தேல்லை. ஹாஜியார் இப்பவும் எங்களோடதான் நிக்கிறார், எங்கட வேலையும் தப்பிச்சுது. ஆனா என்ர நாலு வரிக்கு ஒப்புதல் வாங்கித் தந்தது என்ர வாதாட்டமில்லை, ஒரு மனுசன்ர முழங்கால்.