பெயருக்குப் பதில் ஒரு கோடு

மகள் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியபோது பக்கத்து வீடுகளுக்கெல்லாம் இனிப்பு கொடுத்தோம். அவள் இனி இந்த ஊர்க்காரி இல்லை என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகுதான், பெற்ற அப்பாவைப் பார்க்கவே அவள் விசா வாங்க வேண்டும் என்று புரிந்தது. வந்தாள், வந்த வேகத்தில் திரும்பினாள்.

கிளம்பும்போது, "ஓசிஐ கார்டு வாங்கிட்டேன்னா எத்தனை மாசம் வேணா இங்கயே இருக்கலாம்மா. அப்பாவ நான் பாத்துக்கறேன், நீ கொஞ்சம் படு" என்றாள். நம் ஊரில் பிறந்து வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்டவர்களுக்கு நம் அரசாங்கம் கொடுக்கும் அட்டை அது. எனக்கு அட்டை முக்கியமில்லை. நீ கொஞ்சம் படு என்றாளே, அதைத்தான் பிடித்துக்கொண்டேன். ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த கனத்த உடம்பு அவருடையது. தூக்கி, துடைத்து, புரட்டிப் போட்டு என் இடுப்பு போய்விட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் வரவேண்டும் என்று நான் ஆசைப்பட்டது பாசத்தினால் மட்டுமல்ல. எனக்குத் தூக்கம் வேண்டும்.

அவள் லீவு போட்டு, ரயில் ஏறி, அந்த நாட்டின் தலைநகரிலிருக்கும் நம் தூதரகத்துக்குப் போனாள். அங்கே கூப்பிட்டது அவள் அப்பாவின் பெயரை! இனிஷியலை விரித்து எழுதச் சொன்னதில், புது பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே குடும்பப் பெயராகி உட்கார்ந்துவிட்டது. "அப்பா எங்கன்னு நான் திரும்பிப் பாத்தேம்மா" என்று போனில் சிரித்தாள். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். பழைய இந்திய பாஸ்போர்ட்டில் பெயர் ஒரு மாதிரி, புதியதில் ஒரு மாதிரி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்டப் பிறப்புச் சான்றிதழ் வேண்டுமாம்.

அலமாரியைக் குடைந்து எடுத்தேன். பாலினம் என்ற இடத்தில் பெண் என்று இருந்தது. அப்பா பெயர், அம்மா பெயர் எல்லாம் சரியாக இருந்தன. குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு.

அந்தக் காலத்தில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் எங்கள் ஆட்கள் பல பேர் வீட்டில் இப்படித்தான். குழந்தை பிறந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்தே தகவல் போய்விடும். பெயர் வைப்பது கோயிலில், ஞானஸ்நானத்தின்போது. அதற்கு ஊரிலிருந்து ஞானத்தாய், ஞானத்தகப்பன் வந்து சேர வேண்டும். அதுவரை பாப்பாதான். பிறகு கோயிலில் கொடுத்த சான்றிதழைக் காட்டிப் பள்ளியில் சேர்த்தோம், பள்ளிச் சான்றிதழைக் காட்டி மற்றதெல்லாம் நடந்தது. கோட்டை நிரப்ப யாரும் போகவில்லை. பட்டம் வாங்கி, கல்யாணம் முடித்து, இரண்டு நாட்டு பாஸ்போர்ட்டும் பார்த்துவிட்டாள். சர்க்கார் கணக்கில் மட்டும் இன்னும் பெயர் வைக்காத பிள்ளை.

பக்கத்து வீட்டு அம்மாவைக் கணவருக்குத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு, மேனாம்பேட்டிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துப் பிறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, புள்ளைக்குப் பேரே வெக்காம இத்தினி வருசம் இன்னா பண்ணிகினு இருந்தீங்க?"

"பேரு வெச்சோம் சார். உங்ககிட்ட சொல்லல, அவ்ளோதான்" என்றேன். சிரித்துவிட்டார்.

"சரி, அம்மா அப்பா ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக் குடுங்க, சேத்துர்லாம்."

என் கணவருக்குக் கை வராது என்றேன்.

"அப்போ கைநாட்டு வெச்சி எடுத்துகினு வாங்க. கூடவே டாக்டராண்ட ஒரு லெட்டர் வாங்கிக்கங்க."

கைநாட்டு. என் கணவர் வாயில் அது வசவு. தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர். அவர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு சாமான் வெளியே போகாது. படிக்காமல் ஊர்சுற்றும் பிள்ளைகளைக் கண்டால், "கைநாட்டாத்தான் போவ" என்று திட்டுவார். நான் மை டப்பாவைத் திறந்ததும் இடது கையை இறுக மூடிக்கொண்டார். "பேனா" என்றார். அந்த ஒரு சொல்லே குழறிக்கொண்டுதான் வந்தது.

கொடுத்தேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் இடது கையால் எழுதினார். கோழி கிளறின மாதிரி இருந்தது. மறுபடி எழுதினார். பேனா கீழே விழுந்தது, எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் எழுதினார். அடுப்பில் கஞ்சி பொங்கிக்கொண்டிருந்தது, துணி ஊறிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"உங்க பொண்ணு வரணுமா, வேணாமா?" என்று கத்தினேன்.

கை திறந்தது. கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்துத் தாளில் அழுத்தினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தும் மை முழுக்கப் போகவில்லை. யாராவது உள்ளே வந்தால் அந்த விரலைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வார்.

பெயர் ஏறியது. அனுப்பி வைத்தேன். தூதரகத்தில் ஏற்றுக்கொண்டார்கள். மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் ஒரு காலை வீடியோவில் கூப்பிட்டாள். கையில் அட்டை, முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துடுச்சும்மா! ஆயுசுக்கும் செல்லும்."

"எப்ப டிக்கெட் போடற?" என்றேன்.

"இனிமே அவசரமே இல்லம்மா. எப்ப வேணா வரலாமே. உன் பேரனுக்குப் பரீட்சை வருது, எனக்கும் ஆபீஸ்ல புது பொறுப்பு. அடுத்த வருஷம் நிதானமா வரேன், சரியா?"

அவள் மேல் தப்பில்லை. அங்கே அவளுக்கும் ஆயிரம் வேலை. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"சரி கண்ணு" என்றேன்.

அப்பாவிடம் காட்டச் சொன்னாள். போனை அவர் பக்கம் திருப்பினேன். அவருக்குக் காது சற்று மந்தம், நாங்கள் பேசியது விழுந்திருக்காது. அட்டையை உற்றுப் பார்த்தார். ஒரு பக்க வாயால் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, மெல்ல மெல்லச் சொல்லைக் கூட்டி, "எப்ப... வர்றா?" என்று கேட்டார்.

"வந்துடுவா" என்று அவர் காதருகே சொன்னேன். அவரைப் புரட்டிப் படுக்க வைக்கும் நேரம் ஆகியிருந்தது. போனைக் கீழே வைத்துவிட்டு அவர் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்தேன்.